யோகஸ்ரீயின் அட்டையில் 260

ஜனவரி 6, செவ்வாய்

ஆய்வுக்கு அனுமதி வந்துவிட்டது. பதினான்கு மாதம் அலையவிட்டு, மூன்று முறை படிவத்தை மாற்றச் சொல்லி, கடைசியில் ஒரு வரிக் கடிதம். பரவாயில்லை. நான் லேசில் விடுகிற ஆள் இல்லை என்பது அவர்களுக்கும் தெரிந்துபோயிற்று.

படிக்கப்போவது நான் மட்டும்தான் என்றாலும் ஒழுங்காக எழுதிவைக்கிறேன். கரட்டுப்பாளையம் பள்ளியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு ஏக்கர் சிமென்ட் களம். மஞ்சி மில்லில் தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்தபின் மிஞ்சும் தூளை அங்கேதான் காயப்போடுகிறார்கள். பித் என்பார்கள். காலை பத்து மணிக்குக் காற்று எழுந்தால் அதில் பாதி வகுப்பறைக்குள் வந்துவிடும். இப்போது பக்கச் சுவரை ஒட்டி இரண்டாவது களம் போட அனுமதி கேட்டிருக்கிறார்கள். மார்ச் 16 அன்று மாவட்டக் குழு கூடி முடிவெடுக்கும். அதற்குள் பிள்ளைகளின் மூச்சு எப்படி இருக்கிறது என்று நான் எண்ணில் காட்ட வேண்டும்.

கரட்டுப்பாளையத்தில் வீசிங் உள்ள 64 பிள்ளைகள். களமே இல்லாத ஆத்துப்புதூரில் 61 பிள்ளைகள். ஆளுக்கொரு ஊதும் மீட்டர், கையடக்கமான பிளாஸ்டிக் குழல். வேகமாக ஊதினால் சிவப்பு முள் ஓர் எண்ணில் போய் நிற்கும். காலையும் மாலையும் மூன்று முறை ஊதி, அதில் பெரியதை அட்டையில் எழுத வேண்டும். மூச்சுக்குழாய் சுருங்கினால் எண் குறையும். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

மீட்டர்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று நானே ஊதிப் பார்த்தேன். 400. என் உயரத்துக்குச் சரியான அளவு.

ஜனவரி 8

அட்டைகள் கொடுத்தாயிற்று. தலைமையாசிரியர் மாசிலாமணி பந்தல் போடாத குறை. மேசைக்கு விரிப்பு, பூச்சாடி, எனக்கு ஒரு துண்டு. களப்பணியாளர் ஸ்டெல்லாவுக்கும் ஒரு துண்டு. ஸ்டெல்லா அதைத் தோளில் போட்டுக்கொண்டே 64 பிள்ளைகளுக்கும் உயரம் அளந்தாள்.

நான்காம் வகுப்பு யோகஸ்ரீ என்ற பெண். குச்சிக் கை, பெரிய கண், பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்குகிறது. முதல் ஊதலில் 170. “இன்னும் வேகமா, கேக் மேல இருக்கற மெழுகுவத்தி எல்லாம் ஒரே ஊதுல அணையணும்” என்றேன். 180. “வெரி குட்!” என்று கை தட்டினேன். ஸ்டெல்லா அட்டையில் ஒரு நட்சத்திரம் போட்டுக்கொடுத்தாள்.

யோகஸ்ரீயின் அம்மா ருக்குமணி பக்கத்துக் களத்தில் பித் தள்ளும் வேலைக்குப் போகிறவள். முடியில் எல்லாம் பழுப்புத் தூள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ஏனுங்க டாக்டரம்மா, இதுல பாஸ் மார்க்கு எத்தனைங்க?”

எல்லோரும் சிரித்தோம். “பாஸ் எல்லாம் இல்லம்மா. இந்த உயரத்துக்கு இருநூத்தி நாப்பது வரணும், அவ்ளோதான்” என்றேன். அவள் அதை முந்தானையில் முடிந்துகொள்வதுபோல் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு இன்ஹேலர் பேச்சு. “பம்ப்பு வேண்டாங்க. பொட்டப்புள்ள. நாளைக்கி நாலு பேரு பாத்தா வீசிங் புள்ளைன்னு பேராயிருமுங்க” என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. மருந்தை ஒளித்துவைப்பது நோயை வளர்ப்பது என்று பத்து நிமிடம் பிடிபிடியென்று பிடித்தேன். பாவம், தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

மாலை வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் குழாயைத் திறந்துவைத்து முகம் கழுவினேன். கொஞ்ச நேரம் ஆயிற்று. அத்தை கதவைத் தட்டி, டேங்கில் தண்ணீர் குறைவு என்றார்.

ஜனவரி 9

மாவு அரைக்க ஆள் வரவில்லை. உப்புமா.

ஜனவரி 19

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த நாள். வகுப்பறை ஜன்னலில் வைத்த வெள்ளைத் தட்டுகளை எடுத்தோம். பதினோரு நாளில் விரலால் பெயர் எழுதலாம் என்கிற அளவுக்குத் தூள். ஆத்துப்புதூர்த் தட்டில் ஒரு செத்த ஈ மட்டும்.

நார் உற்பத்தியாளர் சங்கச் செயலாளர் நாச்சிமுத்து இளநீரோடு வந்தார். மரியாதையான மனிதர், வெள்ளை வேட்டி, மெல்லிய குரல்.

“தென்னை மட்டைல இருந்து வர்றதுதானுங்களே. கெமிக்கல் இல்லை, ஒண்ணுமில்லை. இயற்கைங்க.”

“பாம்பு விஷமும் இயற்கைதாங்க” என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இளநீரைக் குடித்தேன், வெட்டி நீட்டியதை மறுப்பது இங்கே மரியாதை இல்லை. குடித்துவிட்டு, தட்டிலிருந்த தூளை அவர் கையில் கொட்டி, “இதையும் கொண்டுபோங்க, உங்களோடது” என்றேன். மாசிலாமணி சார் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

பள்ளியிலிருந்து சாலைக்கு ஏற்றம். நடுவில் ஒரு மைல்கல் இருக்கிறது, அதன்மேல் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். ஸ்டெல்லா, “அது வார் வெச்ச செருப்பு இல்லையே டாக்டர்” என்றாள். இவளுக்கு எல்லாவற்றையும் பார்க்கிற கண்.

மீட்டர் சோதனை: 410.

ஜனவரி 26

குடியரசு தினம். கரட்டுப்பாளையத்தில் நான்தான் சிறப்பு விருந்தினர். கொடி சிக்கிக்கொண்டு, மாசிலாமணி சார் கம்பத்தை உலுக்கி, பூவெல்லாம் என் தலையில் மொத்தமாக விழுந்தது.

அதன்பிறகு ஒரு வேடிக்கை. ‘நன்றாக ஊதிய மாணவர்கள்’ என்று முதல் மூன்று இடத்துக்குப் பரிசு. இப்படி ஓர் ஏற்பாடு செய்திருப்பது எனக்குத் தெரியாது. அறிவிப்புப் பலகையில் 64 பிள்ளைகளின் பெயரும் எண்ணும் வரிசைப்படி, முதல் மூன்றுக்கு மஞ்சள் சாயம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல், ஏழாம் வகுப்புப் பெண் இரண்டாவது. மூன்றாவது யோகஸ்ரீ, 260! அவள் வயதுக்கு அபாரம். பென்சில் பெட்டியை நான்தான் கொடுத்தேன். ருக்குமணி புதுச்சேலையில் வந்திருந்தாள், முகமெல்லாம் பல். புகைப்படம் எடுத்தார்கள்.

பிள்ளைகள் ஆர்வமாக ஊதுகிறார்கள், நல்லதுதானே. வரும்போது ஸ்டெல்லா மட்டும் பலகையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கேட்டதற்கு, “மூணு வாரத்துல நூத்தி எண்பதுலேருந்து இருநூத்தி அறுபதா டாக்டர்?” என்றாள். ஊதும் விதம் பழகினால் எண் ஏறும் என்று விளக்கினேன். கொஞ்சம் ஏறும். உண்மைதான்.

மீட்டர் சோதனை: 420.

பிப்ரவரி 4

கேஸ் சிலிண்டர் வந்தது. வீட்டுக்காரர் ஓசூரிலிருந்து போன் செய்து, குரல் ஏன் கரகரவென்றிருக்கிறது என்று கேட்டார். தூசு என்றேன். தூசுதான்.

பிப்ரவரி 11

எங்கள் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் யோகஸ்ரீ. முகத்தில் மாஸ்க், நெபுலைசர் புகை, இரண்டு தோளும் ஏறி ஏறி இறங்குகின்றன. நேற்று மாலை கொண்டுவந்தார்களாம். ருக்குமணி என்னைப் பார்த்ததும் எழுந்து, மாஸ்க்கை மறைப்பதுபோல் முன்னால் நின்றாள்.

“சளிதானுங்க. சும்மா சளி.”

பென்சில் பெட்டி தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது.

வார்டு இரண்டாம் மாடியில். லிப்ட் வேலை செய்யவில்லை. முதல் மாடித் திருப்பத்தில் நின்று கொஞ்ச நேரம் ஒரு கோப்பைப் புரட்டிவிட்டு ஏறினேன். யாருடைய கோப்பு என்று இப்போது நினைவில்லை.

மீட்டர் சோதனை: 400.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஆறு வார அட்டைகளின் நகலைக் கணினியில் ஏற்றி முடித்தோம். அட்டவணையைப் பார்த்தேன். திரும்பப் பார்த்தேன். இரண்டு ஊரின் பெயரும் மாறிப்போய்விட்டதோ என்று மூலத்தை எடுத்துச் சரிபார்த்தேன். மாறவில்லை.

கரட்டுப்பாளையத்துப் பிள்ளைகள் ஆத்துப்புதூர்ப் பிள்ளைகளைவிட நன்றாக மூச்சு விடுகிறார்கள். வாராவாரம் முன்னேறுகிறார்கள். இந்தப் போக்கில் போனால் ஏப்ரலில் ஒலிம்பிக்ஸ்.

துறைத் தலைவர் டாக்டர் கனகசபாபதிக்கு ஒரே மகிழ்ச்சி. “யாரும் எதிர்பாக்காத ரிசல்ட். இதுக்குத்தான் ஜர்னல்ல இடம் கொடுப்பான்” என்றார். எனக்கு வயிறு எரிந்தது. ஜன்னல் தட்டில் அத்தனை தூள். அது எங்கே போகிறது, பிள்ளைகள் அதை என்ன சாப்பிட்டுச் செரித்துவிடுகிறார்களா?

பிப்ரவரி 24

கிடைத்துவிட்டது.

யோகஸ்ரீயின் அட்டை. பிப்ரவரி 10 மாலை: 260. பிப்ரவரி 11 காலை: 260. மாலை: 260. பிப்ரவரி 12 காலை: 260.

அந்த மூன்று நாளும் அவள் வார்டில் இருந்தாள். நானே கண்ணால் பார்த்தேன்.

பிப்ரவரி 26

ருக்குமணி வீட்டுக்குப் போனோம். நானும் ஸ்டெல்லாவும். ஓட்டு வீடு, வாசலில் இரண்டு ஆடு. அட்டையைக் காட்டிக் கேட்டேன். குரலை உயர்த்தக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன், உயர்த்திவிட்டேன்.

அவள் மறைக்கவில்லை.

“நாந்தானுங்க எழுதுனேன். புள்ள நூத்தி அம்பதுதான் ஊதுது. பக்கத்து ஊட்டு ஹரிணி இருநூத்தி அம்பதுங்க. தண்ணி புடிக்கப் பைப்படில நின்னா எல்லாரும் உம்புள்ள எத்தன, உம்புள்ள எத்தனன்னுதான் கேக்கறாங்க. நூத்தி அம்பதுன்னு எந்த வாயிலங்க சொல்றது?”

“அதுக்காகப் பொய் எழுதறதா?”

“இருநூத்தி நாப்பது வரணும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க.”

அட்டையில் பிப்ரவரி 11ஐ விரலால் காட்டினேன்.

“சரி. ஆஸ்பத்திரில இருந்தப்ப? அப்ப ஊதவே இல்லையே. ஏன் எழுதினீங்க?”

“காலியா உட்டா ஆப்சென்ட்டு ஆயிருமில்லீங்க” என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல்.

யோகஸ்ரீ கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். “எனக்கு நெசமா எத்தனைன்னு எனக்குத் தெரியும்” என்றாள். “நேத்து நூத்தி முப்பது.” ருக்குமணி அவள் வாயைப் பொத்தினாள்.

அங்கிருந்து ஹரிணி வீடு. அவள் அம்மா சுகந்தி மூன்று கேள்வியில் ஒப்புக்கொண்டாள். ஹரிணி ஊதுவது 170. யோகஸ்ரீ 260 என்று பலகையில் பார்த்ததிலிருந்துதான் 250 எழுத ஆரம்பித்தாளாம். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி, ஒரு தெருவே மூச்சுப் போட்டி நடத்தியிருக்கிறது. ஒரு தகப்பன் பலூன் வாங்கிக்கொடுத்துக் காலையில் பயிற்சி வைக்கிறான்.

இவர்கள்மேல் கோபப்பட நினைத்தேன். முடியவில்லை. பாஸ் மார்க் சொன்னது நான். கை தட்டியது நான். நட்சத்திரம் போடவிட்டது நான். குடியரசு தினத்தில் பூவைத் தலையில் சுமந்துகொண்டு பரிசு கொடுத்ததும் நான். பிறந்ததிலிருந்து எண் என்றாலே மார்க் என்று பழக்கிவைத்த ஊரில், அட்டையும் பேனாவும் கொடுத்துவிட்டு உண்மை வரும் என்று காத்திருந்தேனே, என்னைவிட மடச்சி உண்டா?

மார்ச் 1

நான்கு நாளில் 64 வீடும் பார்த்தாயிற்று. நாற்பத்தொரு வீட்டில் எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள். ஆத்துப்புதூரில் பலகையும் இல்லை, பரிசும் இல்லை, அதனால் அங்கே உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் அவர்கள் தோற்றார்கள்.

ஸ்டெல்லா காய்ச்சல் மாத்திரை கொடுத்து என்னை வீட்டுக்கு அனுப்பினாள். காய்ச்சல் இல்லை என்றேன். “வேற எதுக்கு இப்பிடி மூச்சு வாங்குது டாக்டர்?” என்றாள். 64 வீடு ஏறி இறங்கினால் யாருக்கும் வாங்கும்.

மீட்டர் சோதனை: 400.

மார்ச் 2

தலைவர் அறை.

“தமயந்தி, டேட்டா டேட்டாதான். அவங்க எழுதிக் கொடுத்தாங்க, நாம எழுதலை.”

“சார், மாஸ்க் போட்டுப் படுத்திருந்த பிள்ளை 260 ஊதியிருக்கு.”

“ஒரு கேஸ்.”

“நாப்பத்தொண்ணு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இடைக்கால அட்டவணை ஏற்கெனவே குழுவுக்குப் போய்விட்டதாம். இப்போது திரும்பப் பெற்றால் துறையின் பெயர் கெடும், அடுத்த திட்டத்துக்கு ஒருவரும் நிதி தரமாட்டார்கள். “தப்பு நடந்துபோச்சுன்னு எழுதிக் கொடுத்தா, யாரோட தப்புன்னு கேப்பாங்க.”

“என்னோடதுன்னு எழுதித் தர்றேன்.”

“இருபது வருஷ சர்வீஸை யோசிச்சுப் பாரு.”

“யோசிச்சுட்டேன் சார். இருபது வருஷமா இதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன்.”

அங்கேயே அவர் மேசையிலேயே உட்கார்ந்து, அவர் பேனாவை வாங்கி எழுதினேன். ‘கரட்டுப்பாளையம் அளவீடுகள் நம்பத்தக்கவை அல்ல. பிழை அளவெடுத்த முறையில் உள்ளது. முறையை வகுத்தவள் நான்.’ கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடியோடு திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 5

ஊரெங்கும் நோட்டீஸ். ‘மில் பகுதிப் பிள்ளைகளின் நுரையீரல் மிக ஆரோக்கியம்: டாக்டர் ஆய்வில் தகவல்.’ கூடவே குடியரசு தினப் படம். நான் பல்லைக் காட்டிக்கொண்டு பென்சில் பெட்டி நீட்டுகிறேன், யோகஸ்ரீ வாங்குகிறாள்.

ஒன்றைக் கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். நன்றாக இருக்கிறது. என்னை வைத்தே என்னை அடிக்கிறார்கள். அடிக்கட்டும், என் முகம் அவ்வளவு சீக்கிரம் கிழியாது.

மார்ச் 9, திங்கள்

பெற்றோர் கூட்டம். மாசிலாமணி சாரிடம் சொல்லி அந்தப் பலகையைக் கழற்றவைத்தேன். அவர் சுருண்டுபோய்விட்டார். “ஊக்கப்படுத்தறதா நெனச்சுட்டனுங்க மேடம்” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன்.

எழுபது பேர் இருக்கும், பெரும்பாலும் தாய்மார்கள். முதல் வரியிலேயே சொன்னேன், அட்டையில் இருக்கும் எண்கள் பொய், அந்தத் தப்பு என்னுடையது, இன்னொரு முறை முதலிலிருந்து எடுக்க வேண்டும். இங்கேயே, இப்போதே, உங்கள் கண்முன்னால் பிள்ளைகள் ஊதட்டும் என்றேன்.

ஒருத்தி அசையவில்லை.

சுகந்திதான் எழுந்தாள். “இத்தன பேரு முன்னால ஊதி, எம்புள்ள கம்மின்னு ஊருக்கே காட்டணுமாங்க? படிச்சவங்க நீங்க, உங்களுக்கென்ன. நாளைக்கி இவளக் கட்டிக்குடுக்கணும். நீங்க ஊதுங்க பாப்போம் மொதல்ல!”

பின்னால் சிரிப்பு. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே தெரிந்தது, அவளுக்கு எப்போதோ தெரியும்.

கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்யாணத்துக்கு முதல் நாள் என் அம்மா காதோடு சொன்னது ஞாபகம் வந்தது. “பம்ப்ப அந்த ஊட்டுல ஒருத்தரு கண்ணுலயும் காட்டிப்போடாத.” பதினேழு வருடம் காட்டவில்லை.

மீட்டரை எடுத்து ஊதினேன். மூன்று முறை. மாசிலாமணி சார் குனிந்து முள்ளைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். பிறகு கூட்டத்துக்குக் கேட்கும்படி, தொண்டையைச் செருமிக்கொண்டு, “முன்னூத்தி நாப்பது” என்றார்.

மரியாதைக்காக மனிதர் நூறு போட்டுக்கொடுக்கிறார்!

“சார், இருநூத்தி நாப்பது” என்றேன். “உள்ளதைச் சொல்லுங்க.”

“இருநூத்தி நாப்பதுங்க” என்றார் மெதுவாக.

“என் உயரத்துக்கு நானூறு வரணும்” என்றேன். “எனக்கு ஏழு வயசுல இருந்து வீசிங். நான் பெயில் இல்லை. எனக்கு மருந்து வேணும், அவ்வளவுதான்.” கைப்பைக்குள் ஒரு பை, அதற்குள் ஒரு கைக்குட்டைச் சுருள், அதற்குள்ளிருந்து இன்ஹேலரை எடுத்து, குலுக்கி, அவர்கள் எதிரிலேயே இரண்டு முறை இழுத்தேன்.

ருக்குமணி யோகஸ்ரீயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “ஊது கண்ணு” என்றாள். யோகஸ்ரீ மூன்று முறை ஊதினாள். முள்ளைப் பார்த்துவிட்டுத் திரும்பி, மாசிலாமணி சாருக்கு முந்திக்கொண்டு தானே கத்தினாள்.

“நூத்தி நாப்பது!”

“எழுதுங்க” என்றாள் ருக்குமணி. “அந்தக் களத்துலதானுங்க நான் பித்துத் தள்றேன். நாளைக்கி வேண்டாம்னுவாங்க. போனாப் போகுது, நீங்க எழுதுங்க.”

பிறகு வரிசை வந்தது. சுகந்தி கடைசியில் வந்தாள். வந்தாள்.

மார்ச் 10

இந்த நாட்குறிப்பைத் திருத்த வேண்டும். அடித்து எழுதப்போவதில்லை, இங்கேயே எழுதுகிறேன்.

ஜனவரி 6 அன்று 400 என்று எழுதியிருக்கிறேன். ஊதியது 310.
ஜனவரி 19: 410 இல்லை. 290.
ஜனவரி 26: 420 என்று எழுதியிருக்கிறேன். 280. அன்றைக்கு மேடையில் யோகஸ்ரீக்கு 260 என்றார்கள்.
பிப்ரவரி 11: 250.
மார்ச் 1: ஊதவே இல்லை. காலியாக விட மனம் வரவில்லை.

யாரும் படிக்காத நோட்டில், என்னிடமே, டாக்டர் பட்டம் வாங்கிய நான் எழுதியது இது. மீட்டர்கள் அத்தனையும் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. அந்தத் தாய்மார்களுக்காவது பைப்படியில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 12

இன்ஹேலரைச் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். அத்தை பார்த்தார். தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

“பதினேழு வருசமா குழாயத் தொறந்து உட்டுட்டு உள்ள என்ன பண்றீன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?”

“பின்ன ஏன் அத்த கேக்கல?”

“நீ சொல்லல, நான் கேக்கல. தண்ணி வீணாப் போறதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.”

சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்து இருமல் வந்தது. இந்த முறை எழுந்து உள்ளே ஓடவில்லை.

மார்ச் 16

குழு. நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். நாச்சிமுத்து எழுந்து என் அட்டவணையை எனக்கே படித்துக் காட்டினார். “டாக்டரம்மா கணக்குங்க இது. நாங்க ஒண்ணும் சொல்லலைங்க.”

நான் மார்ச் 2 கடிதத்தைப் படித்தேன். பிறகு வார்டு பதிவேட்டில் யோகஸ்ரீயின் பக்கம், அவள் அம்மாவின் சம்மதத்தோடு. பிறகு நோட்டீஸிலிருந்த படத்தைத் தூக்கிக் காட்டினேன். “பரிசு வாங்குகிற இந்தக் குழந்தை பதினைந்து நாள் கழித்து மூச்சு முட்டி வார்டில் கிடந்தது. பரிசு கொடுத்த முட்டாள் நான்.”

ஓர் அதிகாரி, “அப்படின்னா இன்னைக்கு உங்ககிட்ட ஆதாரமே இல்லைன்னு எடுத்துக்கலாமா?” என்றார்.

“இன்னைக்கு இல்லை. ஏப்ரல் கடைசில இருக்கும். இல்லாத ஆதாரத்தை வெச்சு நான் களத்தை மூடச் சொல்லலை. இதே இல்லாத ஆதாரத்தை வெச்சு நீங்க இன்னொண்ணு திறக்காதீங்க.”

தலைவர் கனகசபாபதி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்ப எடுப்பதற்குத் துறை பொறுப்பேற்குமா என்று அவரைக் கேட்டார்கள். தலையை நிமிர்த்தாமலே, “மீட்டர்கள் இருக்கு. வெச்சுக்கட்டும்” என்றார். அவரிடமிருந்து அதுவே பெரிய வரம். வெளியே வந்ததும், புதுத் திட்டக் குழுவில் என் பெயரை எடுத்துவிட்டதாகச் சொன்னார். சரி என்றேன்.

இரண்டாவது களம் ஏப்ரல் 30 வரை நிறுத்திவைப்பு. அவ்வளவுதான், வெற்றி இல்லை. ஆனால் அறைக்கு வெளியே இருபத்து மூன்று தாய்மார்கள், பேருந்து பிடித்து வந்து, வெயிலில் நின்றிருந்தார்கள். ருக்குமணிக்கு இன்றோடு களத்தில் வேலை இல்லையாம். சொல்லிவிட்டு, “பாத்துக்கலாமுங்க” என்றாள். சத்துணவுக் கூடத்தில் ஆள் தேவை என்று மாசிலாமணி சார் மனு எழுதிக்கொடுத்திருக்கிறார். கிடைக்குமோ என்னவோ. அந்தக் கவலை என்னை விடவில்லை.

மார்ச் 18, புதன்

புது அட்டை. எவ்வளவு வர வேண்டும் என்று எங்கும் போடவில்லை. நட்சத்திரம் இல்லை. ‘ஊத முடியவில்லை’, ‘ஆஸ்பத்திரியில் இருந்தோம்’ என்று இரண்டு கட்டம் புதிதாக. காலியாக விட்டால் ஆப்சென்ட் இல்லை என்று சுகந்தி வீடு வீடாகச் சொல்லிவைத்திருக்கிறாள். காலை ஊதல் பள்ளியில், பிள்ளைகளே பேனாவால் எழுத வேண்டும். இன்ஹேலரும், அதை மாட்டி இழுக்கும் ஸ்பேசர் குழலும் ஆசிரியர் மேசையில், திறந்த தட்டில், பெயர் ஒட்டி.

யோகஸ்ரீ என் அட்டையை எட்டிப் பார்த்தாள். “நீங்களும் எங்க லிஸ்ட்லயா?”

“ஆமா.”

“எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன்.”

“நெசமாத்தானே?”

அவளிடம் நீட்டினேன். மீட்டரையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

பத்து மணிக்குக் காற்று எழுந்தது. அதற்குள் முடித்துவிட்டோம்.

கரட்டுப்பாளையம், முதல் நாள், காலை. யோகஸ்ரீ 140. ஹரிணி 170. இரண்டு பிள்ளைகள் ஊத முடியவில்லை. ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில். தமயந்தி 240. எல்லோருடைய அளவையும் மாசிலாமணி சார் தன் கையாலேயே பெரிய தாளில் எழுதி, களத்தைப் பார்த்த சுவரில், வெளிப்பக்கமாக ஒட்டியிருக்கிறார். எண்கள் மட்டும், பெயர் இல்லாமல். அந்தப் பக்கம் இருப்பவர்கள் வந்து படிக்கட்டும்.